சம்மட்டி அடியும் சரோஜினி நகர் மண்ணும்

"நீ என்னதான்யா வேலை பாக்குறே தில்லியில?" என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். "மண்ணைத் தட்டிப் பார்க்கிற வேலை மாமா" என்பேன். நக்கல் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நக்கல் இல்லை மக்களே, உண்மையிலேயே அதுதான் வேலை. தேங்காயைச் சுண்டிப் பார்த்து, பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் இல்லையா? அதே மாதிரி பூமியைச் சம்மட்டியால் தட்டி, அது எப்படி அதிர்கிறது என்று கேட்டு, உள்ளே எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு கெட்டியான மண் இருக்கிறது என்று சொல்வது. கிணறு வெட்ட வேண்டாம், ஆழ்துளை போட வேண்டாம்.

இந்தத் தட்டிப் பார்க்கும் கலைக்கு 140 வருட வரலாறு இருக்கிறது. அதில் இங்கிலாந்துப் பிரபு ஒருவர் வருகிறார், அசாம் வருகிறது, நம்ம கொடைக்கானல் கூட வருகிறது. கடைசியில் நான் குடியிருக்கும் சரோஜினி நகரில் வந்து நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

மலைக்கோயிலும் சந்தையும்

சரோஜினி நகர் என்றால் தில்லிக்கு வெளியே உள்ளவர்களுக்கு மலிவு விலைத் துணிச் சந்தைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது அரசாங்கக் குடியிருப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்காக 1950களில் எழுந்த காலனி, அப்போது பெயர் வினய் நகர். பிறகுதான் சரோஜினி நாயுடு பெயர் வந்தது. தில்லிக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள், ஸ்டெனோக்கள், செக்ஷன் ஆபீசர்கள் எத்தனையோ குடும்பங்கள் இந்த வட்டாரத்தில்தான் வாழ்ந்தார்கள். பக்கத்து லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடம், இங்கேயே ஒரு விநாயகர் கோயில், ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் ராமகிருஷ்ணபுரம் மலைக்கோயில்.

அந்த மலைக்கோயிலை ஒரு நிமிஷம் மண் ஆளின் கண்ணோடு பாருங்கள். சுவாமிநாத சுவாமி நிற்பது ஒரு சிறு குன்றின் மேல். அந்தக் குன்று ஆரவல்லி மலைத்தொடரின் வால். தில்லி ரிட்ஜ் என்று சொல்கிறோமே, அந்தக் குவார்ட்சைட் பாறை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானது, சம்மட்டி போட்டால் கை அதிரும். அங்கிருந்து இறங்கி கொஞ்ச தூரம் கிழக்கே வந்தால், அதே பாறை வண்டல் மண்ணுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. சில இடங்களில் சில மீட்டர் ஆழம், சில இடங்களில் நூறு மீட்டருக்கும் கீழே. யமுனைப் பக்கம் போனால் மணலும் வண்டலும்தான்.

மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தில்லி. நிலநடுக்கம் வரும்போது ஒரே தில்லி இல்லை. பாறை மேல் நிற்பவனுக்கு ஓர் ஆட்டம், கனத்த மண்படுகை மேல் நிற்பவனுக்கு வேறு ஆட்டம். எந்தத் தெருவுக்கு எந்த ஆட்டம் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அந்தத் தட்டிப் பார்க்கும் வேலை.

நீல வானத்துக்காரர்

1885ல் லண்டனில் ஒரு கணிதக் கட்டுரை வெளியானது. எழுதியவர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட், அதாவது ரேலி பிரபு. வானம் ஏன் நீலம் என்பதற்கு விடை சொன்ன அதே ரேலிதான். (கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று இவர் சொன்னதை 1921ல் கப்பலில் போகும்போது நம்ம சி.வி. ராமன் மறுத்தது தனிக்கதை.)

அவர் காட்டியது இதுதான். ஒரு திடப்பொருளின் உள்ளே இரண்டு வகை அலைகள் ஓடும் என்பது ஏற்கெனவே தெரியும். ஒன்று தள்ளித் தள்ளி அமுக்கிக்கொண்டு போகும் அலை. இன்னொன்று குறுக்கே ஆட்டிக்கொண்டு போகும் அலை. ரேலி மூன்றாவதாக ஒன்றைக் கணக்கில் கண்டுபிடித்தார். அது பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும், ஆழம் போகப் போக அடங்கிவிடும். அது போகும்போது ஒரு மண் துகள் முன்னும் பின்னும் மட்டும் ஆடாது. வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல நீள்வட்டத்தில் சுற்றும். வேகம் குறுக்கலையின் வேகத்தில் ஏறத்தாழ 92 சதவீதம்.

கட்டுரையின் முடிவில் ஒரு சின்னக் குறிப்பும் வைத்தார்: நிலநடுக்கங்களில் இந்த அலைக்கு முக்கியமான பங்கு இருக்கக்கூடும் என்று. காரணமும் எளிது. உள்ளே ஓடும் அலைகள் முப்பரிமாணத்தில் நாலா பக்கமும் பரவிச் சீக்கிரம் மெலிந்துவிடும். மேற்பரப்பு அலை குளத்து வளையம் மாதிரி மேலேயே பரவுவதால் மெதுவாகத்தான் மெலியும். எனவே தூரம் போகப் போக அதன் கைதான் ஓங்கும்.

பூமியை நேரில் தட்டாமல், காகிதத்தில் கணக்குப் போட்டே சொன்னார். நேரில் பார்க்க 12 வருஷம் ஆனது. பார்த்த இடம் ஐரோப்பா, தட்டிய இடம் அசாம்.

அசாம் தட்டியது, இத்தாலி கேட்டது

1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியில் வந்த பெரும் நிலநடுக்கம் உலக அளவில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அளவு 8ஐத் தாண்டும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷில்லாங்கில் கல் கட்டிடம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அதை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் அளவைத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அவர் அப்பா தாமஸ் ஓல்டாம்தான் அந்தத் துறையின் முதல் கண்காணிப்பாளர். அப்பா சேகரித்து வைத்த இந்திய நிலநடுக்கப் பட்டியலை மகன் வெளியிட்டார். 1899ல் அசாம் நிலநடுக்கம் பற்றி அவர் எழுதிய அறிக்கையை இன்றைக்கும் எங்கள் துறையில் மரியாதையோடு பேசுவார்கள்.

இத்தாலியிலும் ஐரோப்பாவின் வேறு இடங்களிலும் இருந்த கருவிகளில் அசாமின் அதிர்வு பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளை ஓல்டாம் பொறுமையாக உட்கார்ந்து பிரித்தார். முதலில் ஒரு சின்ன நடுக்கம், பிறகு இன்னொன்று, கடைசியாக நீண்ட பெரிய அலை. முதலிரண்டும் பூமியின் உள்ளே புகுந்து வந்தவை, கடைசியில் வந்தது மேற்பரப்பிலேயே ஓடி வந்தது என்று காட்டினார். ரேலியின் காகித அலைக்கு உயிர் வந்தது. (இதே ஓல்டாம்தான் 1906ல் பூமிக்கு நடுவே ஒரு கருவம் இருக்கிறது என்று அலைகளை வைத்தே சொன்னவர்.)

இந்தியாவில் அப்படிப்பட்ட பெரிய நிலநடுக்கம் வந்தும், அதைப் பதிவு செய்ய இந்தியாவில் தகுந்த ஆய்வகம் இல்லை. அந்த அடிக்குப் பிறகுதான் கல்கத்தா அலிப்பூரில் 1898 டிசம்பரில் முதல் நிலநடுக்க ஆய்வகம் வந்தது. அதை ஒட்டியே பம்பாயிலும் கொடைக்கானலிலும் கருவிகள் வைத்தார்கள். சூரியனைப் பார்க்கக் கட்டிய நம்ம கொடைக்கானல் ஆய்வகம் அந்தக் காலத்திலேயே பூமிக்கும் காது கொடுத்திருக்கிறது.

பூமி தட்டும்வரை காத்திருக்க வேண்டுமா?

இதுவரை சொன்னது இயற்கை தட்டியபோது மனிதன் கேட்டது. பொறியாளர்கள் கேட்ட கேள்வி வேறு: நாமே தட்டினால் என்ன?

1904ல் ஹொரேஸ் லாம்ப் என்ற கணிதர், தரையில் ஒரு புள்ளியில் அடித்தால் என்னென்ன அலைகள் எப்படிக் கிளம்பும் என்று கணக்குப் போட்டார். 1955ல் மில்லர், பர்ஸி இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், தரையில் ஒரு வட்டத் தட்டு மேலும் கீழுமாக அதிர்ந்தால் அந்த ஆற்றலில் சுமார் 67 சதவீதம் ரேலி அலையாகவே போகிறது என்று காட்டினார்கள். அதாவது சம்மட்டி அடித்தால் மூன்றில் இரண்டு பங்கு கூலி நமக்கு வேண்டிய அலைக்கே போய்ச் சேர்கிறது. இலவச இணைப்பு மாதிரி :-)

நடுவே 1930களில் ஜெர்மனியில், பெர்லினில் இருந்த டெகெபோ என்ற மண் ஆய்வு நிறுவனத்தார் சுழலும் எடைகளை வைத்த அதிர்வு இயந்திரங்களைத் தரையில் நிறுத்தி மண்ணின் குணத்தை அளந்தார்கள். 1950களில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சி நிலையத்தில் ஜோன்ஸ் என்பவர் சாலை அடுக்குகளை இப்படிச் சோதித்தார். 1960களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஆய்வு நிலையத்திலும் இதே முயற்சி.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பரவவில்லை. இயந்திரத்தை ஒவ்வொரு அதிர்வெண்ணாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், நாள் முழுக்க ஆகும். அளந்த பிறகு அதை மண்ணடுக்குகளாக மாற்றுகிற கணக்கு மலை மாதிரி நின்றது. கணக்கு வழி தெரியாமல் இல்லை. 1950ல் தாம்சனும் 1953ல் ஹாஸ்கலும் அதற்கு அணி முறையில் வழி போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சோதனைக் களத்துக்குத் தூக்கிப் போக ஒரு கணினிதான் இல்லை.

1980களின் தொடக்கத்தில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோக்கோவும் சொஹைல் நசாரியனும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஒரே ஒரு சம்மட்டி அடியில் பல அதிர்வெண்களும் கலந்தே இருக்கின்றன. இரண்டு உணரிகளை வைத்துப் பதிவு செய்து கணினியில் பிரித்துக்கொண்டால் போதும். இதை ஸாஸ்வ் முறை என்போம். பிறகு கான்ஸாஸ் புவியியல் அளவை நிறுவனத்தில் பார்க், மில்லர், சியா மூவரும் 1999ல் இரண்டு உணரிகளுக்குப் பதில் 24, 48 என்று வரிசையாக வைத்து ஒரே அடியில் எல்லாவற்றையும் பதிவு செய்யும் முறையை எழுதினார்கள். மாஸ்வ் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். இன்று உலகம் முழுக்க ஓடுவது பெரும்பாலும் இந்த முறைதான்.

சரி, எப்படி வேலை செய்கிறது?

ரேலி அலையின் ஆழம் அதன் நீளத்தைப் பொறுத்தது. குட்டையான அலை மேல் மண்ணை மட்டும் தடவிக்கொண்டு போகும். நீளமான அலை ஆழம் வரை துழாவிக்கொண்டு போகும். தோராயமாக, அலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி ஆழம் வரை அது பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கீழே போகப் போக மண் கெட்டியானால் நீள அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும். கூட்டமாகக் கிளம்பியவர்கள் போகப் போகப் பிரிந்துவிடுவார்கள், திருவிழாவில் தேர் பார்க்கப் போன குடும்பம் மாதிரி. யார் எவ்வளவு முந்தினார்கள் என்பதை வைத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு கெட்டி என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம்.

கிடைப்பது குறுக்கலையின் வேகம். அதை வர்க்கப்படுத்தி மண்ணின் அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு வந்துவிடும். ஒரு கன மீட்டர் மண் 1800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை நொடிக்கு 200 மீட்டர் ஓடினால் விறைப்பு 72 மெகாபாஸ்கல். 400 மீட்டர் ஓடினால் 288. வேகம் இரண்டு மடங்கு என்றால் விறைப்பு நாலு மடங்கு. அதனால்தான் வேகத்தில் கொஞ்சம் தப்பினாலும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் 30 மீட்டரின் சராசரி வேகத்தை வைத்து மண்ணுக்கு வகுப்புப் பிரிப்பது அமெரிக்க விதிகளில் 1990களில் வந்த வழக்கம். 760க்கு மேல் பாறை, 360 முதல் 760 வரை கெட்டி மண், 180 முதல் 360 வரை நடுத்தரம், 180க்குக் கீழே இளக்கம்.

தில்லியின் பழைய ஆட்டங்கள்

"தில்லியில எப்பவும் லேசா ஆடும், ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே பொதுவான நம்பிக்கை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1720ல் வந்த நிலநடுக்கத்தில் ஷாஜகானாபாத்தின் மதில்களும் வீடுகளும் இடிந்ததை முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதி வைத்திருக்கிறார். 1803 செப்டம்பர் 1 அன்று கர்வால் மலைப்பகுதியில் வந்த நிலநடுக்கம் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து குதுப் மினாரின் உச்சிக் கும்மட்டத்தைத் தள்ளியது. 1828ல் மேஜர் ராபர்ட் ஸ்மித் அதற்குப் பதில் ஒரு மண்டபத்தை வைத்தார். பொருந்தவில்லை என்று 1848ல் இறக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அது மினாருக்குப் பக்கத்துப் புல்வெளியில் அனாதையாக நிற்கிறது, போனால் பாருங்கள்.

1956ல் குர்ஜா பக்கம், 1960 ஆகஸ்ட் 27ல் தில்லிக்கு மிக அருகிலேயே அளவு 6 ஒட்டிய நிலநடுக்கம். வினய் நகர்க் குடியிருப்புகள் அப்போதே எழுந்துவிட்டன. இரண்டு மாடிக் கட்டிடங்கள், தடித்த செங்கல் சுவர்கள், தாங்கின. இந்திய நிலநடுக்க விதிநூலில் தில்லி நான்காம் மண்டலமாக வகைப்படுத்தப்பட்டது சும்மா இல்லை.

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கம்தான் இந்தியாவில் கண்ணைத் திறந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் சரிந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட கட்டிட அமைப்பு ஒரு காரணம், சாபர்மதியின் வண்டல் ஆட்டத்தைப் பெருக்கியது இன்னொரு காரணம். 1985ல் மெக்சிகோ நகரத்துக்கு நடந்ததும் இதேதான். பழைய ஏரிப் படுகைக் களிமண் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஊசலாட, அதே தாளத்தில் ஆடக்கூடிய 6 முதல் 15 மாடி வரையான கட்டிடங்கள் அதிகம் விழுந்தன.

பூஜ்ஜுக்குப் பிறகு நகரங்களின் மண்ணை அளக்கும் வேலை வேகம் பிடித்தது. தில்லி ஐஐடியைச் சேர்ந்த ஹனுமந்தராவும் ரமணாவும் தில்லியில் 80க்கும் மேற்பட்ட ஆழ்துளை இடங்களில் ஸாஸ்வ் முறையில் 20 முதல் 32 மீட்டர் ஆழம் வரை அளந்து 2008ல் வெளியிட்டார்கள். அதே நிறுவனத்தின் கே.எஸ். ராவும் நீலிமா சத்யமும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மாஸ்வ் செய்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சீதாராமும் நம்ம அன்பழகனும் அந்த நகரத்தின் வரைபடத்தைப் போட்டார்கள். சென்னைக்கு ஐஐடி மெட்ராஸில் பூமிநாதன் குழு. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலோரம் நிலநடுக்கம் வந்து சென்னை ஆடியதும், 2002 விதிநூலில் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியதும் ஞாபகம் இருக்கும். கடைசியாக 2016ல் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் தில்லிக்கு 1:10,000 அளவில் நுண்மண்டல அறிக்கையைக் கொண்டுவந்தது.

களத்தில் ஒரு நாள் என்றால்...

எட்டு கிலோ சம்மட்டி, ஒரு இரும்புத் தட்டு, தரையில் குத்தி வைத்த 24 ஜியோபோன்கள், ஒரு மஞ்சள் கேபிள், ஒரு மடிக்கணினி. இவ்வளவுதான் சீர்வரிசை. ஜியோபோன்களை ஒரு மீட்டர் அல்லது இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசையாகக் குத்தி, ஓரத்தில் இருந்து ஓங்கி அடிப்போம். ஒரு முறை அடித்தால் போதாது. ஐந்து, பத்து முறை அடித்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் அடங்கி அலை தெளியும்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். "பானி நிக்லேகா கியா?" என்பது முதல் கேள்வி (தண்ணி வருமா?). இரண்டாவது கேள்வி புதையல் பற்றியது. மூன்றாவதாக ஒருவர், இன்னொரு மெட்ரோ வரப்போகிறது, அதனால் வீட்டு விலை ஏறும் என்று தானே முடிவு கட்டிவிட்டுப் போவார். (இளஞ்சிவப்புப் பாதையில் சரோஜினி நகர் நிலையம் 2018 ஆகஸ்டில் திறந்தபோது விலை ஏறியது வாஸ்தவம்தான்.)

தில்லியில் பெரிய எதிரி போக்குவரத்து. தெற்கே ரிங் ரோடு, பக்கத்தில் ரிங் ரயில் பாதை, அடியில் மெட்ரோ. ஆனால் இந்த எதிரியையும் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். 1957லேயே ஜப்பானின் கெய்ட்டி அகி, தரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நுண்ணதிர்வுகளை வைத்தே மண்ணைப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். சம்மட்டியால் நீள அலைகளை எழுப்புவது கஷ்டம். ராத்திரியில் ரிங் ரோட்டில் போகிற சரக்கு லாரி அதைச் சுலபமாக எழுப்பும். பகலில் சம்மட்டி, இரவில் லாரி, இரண்டையும் சேர்த்தால் ஆழம் கிடைக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த முறை மந்திரக்கோல் இல்லை. ஒரே அலைக் கோட்டுக்கு இரண்டு மூன்று விதமான மண்ணடுக்குகள் பொருந்தும். பக்கத்தில் ஒரு ஆழ்துளையாவது இருந்து ஒப்பிட்டால்தான் நம்பலாம். தட்டிப் பார்ப்பதும் தோண்டிப் பார்ப்பதும் அண்ணன் தம்பிகள், பங்காளிகள் இல்லை.

எங்கள் தொழிலில் தீராத சண்டை ஒன்று உண்டு. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது பழைய சோதனை. அதில் கிடைப்பது என் எண். விதிநூலின் 2016 பதிப்பு மண்ணை வகைப்படுத்தியது இந்த என் எண்ணை வைத்துத்தான். "விதியில் கேட்காததை எதுக்கு சார் செய்யணும்? என் எண்ணை சூத்திரத்துல போட்டு வேகத்தை எடுத்துக்குங்க" என்று ஒரு கட்டுமானக்காரர் என்னிடம் சொன்னார் (பெயர் வேண்டாம்). சூத்திரம் இருக்கிறது. ஆனால் அது நூறு இடங்களின் சராசரி. உங்கள் மனைக்கு அடியில் இருப்பது சராசரி இல்லை, ஒரு குறிப்பிட்ட மண். சராசரி ஆழம் மூணடி என்று ஆற்றில் இறங்கியவன் கதை தெரியும்தானே?

இப்போது எதற்கு இந்தப் புராணம்?

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒப்புதல் கொடுத்தது. ஏறத்தாழ 13 ஆயிரம் வீடுகளின் இடத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அதில் சரோஜினி நகரும் ஒன்று. இரண்டு மாடிக் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கோபுரங்கள். 2018ல் மரங்களுக்காக மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயர் நீதிமன்றம் வரை போனார்கள். வர வேண்டியதுதான், வேப்பமரமும் நாவல்மரமும் சாதாரண விஷயமா? ஆனால் அந்த மரங்களின் வேருக்கும் கீழே இருப்பதைப் பற்றி ஒரு குரல் கூட என் காதில் விழவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கட்டிடம் தன் இயல்பில் ஆடும் நேரம், மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பழைய இரண்டு மாடி வீடு 0.2 நொடி. 12 மாடிக் கோபுரம் 1.2 நொடி. மண்ணும் தனக்கென்று ஒரு தாளம் வைத்திருக்கிறது. படுகையின் ஆழத்தை நாலால் பெருக்கி அலை வேகத்தால் வகுத்தால் அந்தத் தாளம். உதாரணத்துக்கு, 30 மீட்டர் மண், வேகம் 250 என்றால் 0.48 நொடி. 100 மீட்டர் மண், சராசரி வேகம் 350 என்றால் 1.14 நொடி. கட்டிடத் தாளமும் மண்ணின் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது, பழைய குவார்ட்டர்ஸ் 1960ல் தாங்கியது புதுக் கோபுரத்துக்குச் சான்றிதழ் ஆகாது. ஆடும் தாளமே வேறு. தூரத்து இமயமலை நிலநடுக்கம் அனுப்புவது பெரும்பாலும் மெதுவான நீள அலைகள். 1803ல் குதுப் மினாரைத் தேடிப் பிடித்தது அந்த வகை ஆட்டம்தான். 2015 ஏப்ரலில் நேபாளம் ஆடியபோது தில்லியின் உயர்ந்த மாடிகளில் இருந்தவர்களைக் கேளுங்கள், மின்விசிறி ஊசலாடியதைச் சொல்வார்கள்.

கோபுரங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை என்றால் நம்புவீர்களா? பெரிய திட்டங்களில் ஆழ்துளை போடுகிறார்கள், வடிவமைப்பைப் பிறர் சரிபார்க்கிறார்கள், கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. என் கவலை சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிலஞ்சி கிராமத்தைப் பற்றி. ஊர் பெயரளவுக்குத்தான் கிராமம். குறுகிய சந்து, ஒட்டி ஒட்டி நாலு மாடி, ஐந்து மாடி, கீழ்த்தளத்தில் கடை அல்லது பைக் நிறுத்தம். அந்த வீடுகளின் தாளம் 0.4, 0.5 நொடி. மேலே போட்ட முதல் கணக்கை மறுபடி பாருங்கள். அந்த வாடகை அறைகளில்தான் ஊரிலிருந்து புதிதாக வருகிற நம் பையன்களும், பீகார்ப் பையன்களும், மணிப்பூர்ப் பெண்களும் முதலில் தங்குகிறார்கள். அந்தச் சந்துகளில் ஜியோபோன் குத்த யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

2025 பிப்ரவரி 17 காலை 5.36க்கு தில்லி குலுங்கியது. அளவு 4.0தான். ஆனால் மையம் தௌலா குவான், ஆழம் 5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட எங்கள் வாசல். பெருஞ்சத்தத்தோடு வந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரத்தில் டீக்கடை திறந்தது, பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. அளவில் 4க்கும் 6க்கும் இரண்டுதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆற்றலில் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

ஒரு இடத்தில் மாஸ்வ் செய்ய அரை நாள் போதும். தோண்டல் இல்லை, இடிபாடு இல்லை, யாருடைய தூக்கமும் கெடாது. ஒரு நகர்ப்புறக் கிராமத்துக்குப் பத்து இடம் அளந்தால், எந்த உயரக் கட்டிடத்துக்கு எங்கே ஆபத்து அதிகம் என்று சொல்லிவிடலாம். எந்தத் தூணை முதலில் பலப்படுத்துவது என்று பட்டியல் போடலாம். பள்ளிக்கூடங்களிலிருந்து தொடங்கலாம். தெரிந்த வித்தை, கையில் இருக்கும் கருவி, படித்த பையன்கள் இருக்கிறார்கள். மனசுதான் வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தில்லியோ சென்னையோ, அடுத்த முறை அடுக்குமாடி வீடு பார்க்கப் போகும்போது மாடுலர் கிச்சனையும் நீச்சல் குளத்தையும் பார்த்து முடித்த பிறகு மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். குறுக்கலை வேகத்தை அளந்தீர்களா, சூத்திரத்தில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தம் என்றால் தூண்களுக்கு நடுவே சுவர் உண்டா என்று கேளுங்கள். விற்பவர் முழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக வைத்திருப்பார்.

தேங்காய்க்கே சுண்டிப் பார்க்கிறவர்கள் நாம். வீட்டுக்கு முப்பது வருஷம் கடன் கட்டப் போகிறோம்.